பெரியப்பா கை காட்டினால் நிற்கும் பஸ்

குஜிலியம்பாறைக்குப் போகும் காலை டவுன் பஸ் எங்கள் ஊரில் நிற்கும் என்பது சும்மா பேச்சுக்குத்தான். பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கோ பாஸ். எங்கள் யூனிபார்ம் கண்ணில் பட்டதுமே டிரைவர் அண்ணனுக்கு ரோட்டின் அந்தப் பக்கம் ஏதோ அதிசயம் தெரிந்துவிடும். முகத்தைத் திருப்பிக்கொண்டு போயே போய்விடுவார். அவரையும் முழுசாகக் குறை சொல்ல முடியாது. முந்தின ஊரிலேயே படிக்கட்டு வரை ஆள் தொங்கும். லேட்டானால் திட்டு வாங்குவது அவர்தான்.

உள்ளூரில் பத்தாவது முடித்து, அழுது அடம்பிடித்து குஜிலியம்பாறையில் பிளஸ் ஒன்னில் சேர்ந்த பெண்கள் நாங்கள் ஆறு பேர். மில் வேலைக்குப் பெண்பிள்ளைகளை ஏற்றும் வேன் மட்டும் வீட்டு வாசலிலேயே வந்து நிற்கும். "பஸ்ஸே நிக்கலைன்னா என்ன படிப்பு?" என்று கேட்க வீட்டுக்கு வீடு ஆள் இருந்தது.

ஆம்பளை ஒருத்தர் கை காட்டினால் பஸ் நிற்கிறது என்பதைக் கண்டுபிடித்தோம். அதற்கு ஆள் வேண்டுமே! கிடைத்தவர் என் பெரியப்பா. ஆடு மேய்ப்பவர், ஊரறிந்த சிடுமூஞ்சி. "பொம்பளப் பிள்ளைக இம்புட்டுப் படிச்சு என்னத்தக் கிழிக்கப் போறீக?" என்று கேட்டுக்கொண்டே வெள்ளைச் சட்டையை மாட்டுவார். நாங்கள் புளியமரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்வோம். பஸ் நின்றதும் ஓடி வந்து ஏறிவிடுவோம். அவர் ஏறாமல் ஆட்டுப் பட்டியைப் பார்க்க நடையைக் கட்டுவார்.

எத்தனை நாளைக்குத்தான் பொறுப்பார்கள்? பிளஸ் டூ பரீட்சை நெருங்கும்போது கண்டக்டருக்குப் பொறுமை போய்விட்டது. "ஏய் பெருசு, இனி ஏறலைன்னா நிப்பாட்ட மாட்டோம், பாத்துக்க" என்று எச்சரித்துவிட்டுப் போனார். அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்தால் பரீட்சை ஆரம்பித்துவிடும், உள்ளே விடமாட்டார்கள்.

முதல் பரீட்சை அன்று பெரியப்பா கை காட்டினார். பஸ் தள்ளிப் போய் நின்றது. கண்டக்டர் தலையை நீட்டி, "ஏறுறியா, இல்லையா?" என்று கத்தினார். நாங்கள் மரத்துக்குப் பின்னாலிருந்து ஓடி வந்தோம். பெரியப்பா எங்களுக்கு முன்னால் ஓடிப்போய் ஏறினார்.

"எங்க பெருசு போற?" என்றார் கண்டக்டர், டிக்கெட்டைக் கிழித்தபடி.

"பரிச்சைக்கு."

பஸ்ஸே சிரித்தது. "நீயா எழுதப் போற?"

"எழுதுறது இதுக. இதுகளுக்கு நீ நிப்பாட்ட மாட்டியே. அதான் நானும் வாரேன்."

சிரிப்பு அடங்கிப்போனது. நான் ஜன்னல் பக்கம் திரும்பி, யாருக்கும் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். என்னத்தக் கிழிக்கப் போறீக என்று கேட்டவரா இவர்!

அடுத்த பரீட்சைக்கு அவர் கையைத் தூக்குவதற்கு முன்னாலேயே பஸ் வந்து நின்றது. டிரைவர் அண்ணன் எட்டிப் பார்த்து, "நீங்க போயி ஆட்டப் பாருங்கய்யா. பிள்ளைகள நான் கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

பெரியப்பா அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"கடைசிப் பரிச்சை முடியட்டும், அப்பறம் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு ஏறி, டிக்கெட்டுக்குக் காசை நீட்டினார்.