பதினொரு முறை வயிற்றுவலி

பக்கத்து வீட்டு அக்கா தன் எவர்சில்வர் தட்டுகளையும் தாம்பாளங்களையும் ஒரு பழைய புடவையில் மூட்டை கட்டி என் வீட்டில் கொண்டுவந்து வைத்த காலை இன்னும் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. சேக்காட்டில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். "கொஞ்ச நாளைக்கு உன்னாண்ட இருக்கட்டும் கண்ணு. ஒரு கரண்டி கீய வுழுந்தா கூட எங்க ஊட்டு மன்சன் எகிறிக் குதிக்கிறாரு. நேத்து குக்கர் மூடி வுழுந்துச்சு. மூலையில போயி சுவத்தோட ஒட்டிக்கினு நின்னுட்டாரு" என்றாள். சொல்லிக்கொண்டே மூட்டையைச் சத்தம் வராமல் இரண்டு கையாலும் தாங்கித் தரையில் இறக்கினாள். என் வீட்டில் சத்தம் வந்தால் யாருக்கு என்ன என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. நானும் கூடச் சேர்ந்து தாங்கிப் பிடித்தேன்.

அக்காவின் கணவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் அவர் சூப்பர்வைசர். பழுக்கக் காய்ச்சிய இரும்பை ராட்சதச் சம்மட்டியால் அடித்து உருவம் கொடுக்கும் ஹேமர் ஷெட் அவர் பொறுப்பில் இருந்தது. அதே கம்பெனியின் டிஸ்பென்சரியில் நான் டெம்பரரி கிளார்க். வருகிறவர்களின் பெயர், டோக்கன் நம்பர், என்ன உபாதை என்று ரிஜிஸ்டரில் எழுதி டாக்டரிடம் அனுப்புவது என் வேலை. எண்பதுகளின் கடைசி அது. எனக்கு இருபத்து நான்கு வயது. கதவைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்த்து, பட்டரவாக்கம் ஸ்டேஷனில் இறங்கிய பிறகும் பூட்டினோமா என்று யோசிக்கிற ரகம் நான். இன்றைக்கும் அப்படித்தான், அது வேறு விஷயம்.

அந்த ஷெட்டில் அண்ணனோடு பதினைந்து வருடம் வேலை பார்த்த ஆபரேட்டர் ஒருவர் இருந்தார். இருவரும் ஒரே டிபன் கேரியரில் சாப்பிடுகிறவர்கள். ஒரு நாள் காலை உலைப் பக்கம் சூடு தாங்காமல் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டபோது, "இந்தாண்ட வந்து நில்லு நைனா" என்று அண்ணன்தான் அவரை மறுபக்கம் கூப்பிட்டு நிறுத்தினார். அடுத்த அடியில் அச்சை இறுக்கிப் பிடித்திருந்த இரும்பு ஆப்பு தெறித்தது. ஆபரேட்டர் அந்த இடத்திலேயே போய்விட்டார். அண்ணன் மேல் ஒரு கீறல்கூட இல்லை. காரியம் முடிந்ததும் அண்ணனைத் தற்காலிகமாக ஸ்டோருக்கு மாற்றினார்கள். எல்லோரும் அவரைப் பார்த்து, நல்லவேளை தப்பித்தாய் என்றார்கள். நானும் சொன்னேன்.

இரண்டு வாரம் கழித்து அவர் டிஸ்பென்சரி ஜன்னலுக்கு வந்தார். தாடி வளர்ந்திருந்தது. "தூக்கமே வர்லம்மா. கண்ண மூடுனா அவன் நிக்கிறான். நான் நிக்க வெச்ச எடத்துலயே நிக்கிறான். எதுனா எய்திக் குடு, இன்னிக்கு ஊட்டுக்குப் போறேன்" என்றார். பேனாவை எடுத்தேன். உபாதை என்ற பத்தியில் 'வயிற்றுவலி' என்று எழுதினேன்.

இதைச் சொன்னால் இன்றைக்கு யாருக்கும் புரியாது. எங்கள் டிஸ்பென்சரியில் வயிற்றுவலிதான் மரியாதையான வியாதி. மகள் பூப்பெய்திய வீட்டு வேலைக்கும், பெண்டாட்டியோடு சண்டை போட்ட மறுநாளுக்கும், நிஜமான வயிற்றுவலிக்கும் அதையேதான் எழுதுவோம். கேட்கிறவர்களுக்கும் தெரியும், எழுதுகிறவர்களுக்கும் தெரியும். அதற்கு முந்தைய வருடம் பெயிண்டிங் பிரிவில் ஒருவர் தனக்குப் படபடப்பாக இருக்கிறது, அழுகை வருகிறது என்று உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டார். ஒரே வாரத்தில் அவர் பெயர், மனநல ஆஸ்பத்திரி இருக்கும் இடத்தை வைத்து, 'கீழ்ப்பாக்கம்' ஆகிவிட்டது. கேன்டீனில் அவர் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. அவர் தங்கைக்கு வந்த சம்பந்தம் தட்டிப்போயிற்று என்றுகூடப் பேச்சு. அக்காவுக்கும் வயசுக்கு வந்த பெண் இருந்தாள். அண்ணனுக்கு அந்தப் பெயர் வரக் கூடாது என்றுதான் எழுதினேன். நல்லது செய்துவிட்டதாக அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பெரிய டாக்டர் தலை நிமிராமல் கையெழுத்துப் போடுகிறவர். இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு குழம்பு மருந்தைக் கொடுத்து அனுப்புவார். அண்ணன் வாரம் ஒரு முறை வந்தார். வாரம் ஒரு முறை எழுதினேன். இப்படிப் பதினொரு முறை. அவர் வீட்டு ஜன்னலில் அந்த மருந்து பாட்டில்கள் மூடி திறக்காமல் வரிசையாக நின்றன.

பெரிய டாக்டர் ஓய்வு பெற்றதும், திங்களும் வியாழனும் மட்டும் வரும்படி ஒரு இளம் டாக்டரம்மாவைப் போட்டார்கள். முதல் வியாழனே, பதினோராவது முறையாக வந்த அண்ணனின் வயிற்றை அழுத்திப் பார்த்தார். "இங்க வலிக்குதா?" என்றார். "ஆமாம்மா." "இங்க?" "அங்கியுந்தான்." டாக்டரம்மா கையை எடுத்துவிட்டு, "ராத்திரி தூங்குறீங்களா?" என்று கேட்டார். அவ்வளவுதான். ஐம்பதை நெருங்கும் அந்த மனிதர் முகத்தை மூடிக்கொண்டு அழுத சத்தம் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது.

அடுத்த திங்கள் டாக்டரம்மா ஜெராக்ஸ் எடுத்த நான்கு தாள்களோடு வந்தார். வெளிநாட்டு மனநல மருத்துவர்கள் கூடி வகுத்த விதிகள் என்றார். இன்ன இன்ன இருந்தால்தான் இந்த வியாதி என்று சொல்லலாம், இத்தனைக்குக் குறைந்தால் சொல்லக் கூடாது என்று அதில் கணக்காகப் போட்டிருந்தது. தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல எனக்கும் தமிழில் சொல்லிக்கொண்டே போனார். நடந்தது மறுபடி மறுபடி கண்முன்னால் வருவது. அந்த இடத்தையும் அதை ஞாபகப்படுத்துவதையும் ஒதுக்கிப் போவது. அண்ணன் ஸ்டோருக்குப் போக ஹேமர் ஷெட் வழியைத் தவிர்த்து, பின்கேட் போய்க் கேன்டீனைச் சுற்றி வருவதை நான் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன். முன்பு ஆசைப்பட்டதில் ஆசை விட்டுப்போவது. தூக்கம் கெடுவது, எரிந்து விழுவது, சின்னச் சத்தத்துக்குத் தூக்கிவாரிப் போடுவது. என் பரண்மேல் இருந்த மூட்டை நினைவுக்கு வந்தது. இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடிக்க வேண்டும் என்றார். மூன்று மாதம் ஆகியிருந்தது.

"இதுல முதல் நிபந்தனையே, இவருக்கு என்ன நடந்துச்சுங்கறதுதாம்மா" என்றார் டாக்டரம்மா. "இவர் எப்படிப்பட்ட ஆளுன்னு கேக்கல, பாருங்க. யாருக்கு நடந்திருந்தாலும் உலுக்கிப் போட்டிருக்கும்னு எழுதியிருக்கு." கீழ்ப்பாக்கம் என்று கேலி செய்யாத ஒரு பெயர் இந்த வேதனைக்கு இருக்கிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். சந்தோஷப்பட வேண்டிய நான், அப்போதே பயந்துவிட்டேன். ரிஜிஸ்டர் என் முன்னால்தான் திறந்து கிடந்தது, என் கையெழுத்தில் பதினொரு வயிற்றுவலியோடு.

பயந்தது நடந்தது. அடுத்த திங்கள் முதல் அண்ணன் ஹேமர் ஷெட்டுக்கே திரும்ப வேண்டும், இல்லையென்றால் வேலையை விட்டுப் போகலாம் என்று ஆர்டர் வந்தது. டாக்டரம்மா அந்தத் தாள்களை இணைத்து, இவரை அங்கே அனுப்பக் கூடாது, ஸ்டோரிலேயே வைத்திருக்க வேண்டும் என்று கடிதம் எழுதினார். வியாழன் மதியம் பர்சனல் ஆபீசரே டிஸ்பென்சரிக்கு வந்து ரிஜிஸ்டரைப் புரட்டினார். "பதினோரு தடவை வந்திருக்கார். பதினோரு தடவையும் வயித்துவலி. தூக்கமில்ல, பயம்னு ஒரு வரி இல்லையே டாக்டர். ஆர்டர் வந்ததுக்கு அப்புறம் புதுசா ஒரு வியாதியா?" என்றார். டாக்டரம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். ஆபீசரும் பார்த்துக் கேட்டார்: "நீங்கதானே எழுதினது? அவர் என்ன சொன்னாரோ அதைத்தானே எழுதினீங்க?"

எனக்கு வேலை நிரந்தரம் ஆகவில்லை. பொய்யாக எழுதினேன் என்றால் அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் பாக்கி இருந்தது. இதையெல்லாம் பிற்பாடு காரணமாகச் சொல்லிக்கொண்டேன். அந்த நிமிடத்தில் எதையும் யோசிக்கவில்லை, வெறும் பயம். "ஆமா சார்" என்றேன். ஆபீசர் ரிஜிஸ்டரை மூடிவிட்டுப் போனார். ஆர்டர் மாறவில்லை.

வெள்ளி, சனி, ஞாயிறு. மூன்று நாளும் சோறு இறங்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணன் இருமினால்கூடக் காதைப் பொத்திக்கொண்டேன். ஞாயிறு காலை இரண்டு முறை அவர்கள் வாசல்வரை போனேன். முதல் முறை அக்கா கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். "இன்னா கண்ணு, மொகமே சரியில்ல?" என்றாள். பல்வலி என்றேன். இரண்டாம் முறை, உள்ளே அண்ணன் தன் பழைய ஷெட் பூட்ஸைத் துடைத்துக்கொண்டிருப்பது தெரிந்தது. திரும்பி வந்துவிட்டேன்.

திங்கள் காலை எட்டரைக்கு டாக்டரம்மா நுழைந்ததும், அவர் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை, கொட்டிவிட்டேன். முதல்முறை ஜன்னலுக்கு வந்தபோது அண்ணன் சொன்னதைச் சொன்னபடி சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "இப்ப அவர் எங்க?" என்று மட்டும் கேட்டார். ஷிப்ட் தொடங்கி அரை மணி நேரம் ஆகியிருந்தது.

இருவரும் ஓடினோம். ஷெட்டுக்குள் நான் அதுவரை போனதில்லை. ஒவ்வொரு அடிக்கும் தரை அதிர்ந்து, அதிர்வு முழங்கால்வரை ஏறியது. சம்மட்டி சட்டென்று நின்றது. புது ஆபரேட்டர் கையை ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தார்: "சார், அங்க நிக்காதீங்க சார்! இந்தாண்ட வாங்க!" அண்ணன் நகரவில்லை. காதில் பஞ்சு வைத்துக்கொண்டு, கைகளை உடம்போடு ஒட்டி, ஆப்பு தெறித்த திசையில், செத்துப்போனவரை நிறுத்திய அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். டாக்டரம்மா பக்கத்தில் போய் மணிக்கட்டைப் பிடித்தார். அண்ணன் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். பழகின முகம் என்பதால் இருக்கலாம். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவர் முகம் அமைதியாக இருந்தது. "இங்க நானே நின்னுக்கினா அவன் நிக்கிறது தெர்லம்மா" என்றார்.

அப்படியே அவரைக் கைப்பிடித்து ஆபீசர் அறைக்குக் கூட்டிப்போனார் டாக்டரம்மா. தன் கண்ணால் பார்த்ததைத் தன் கையால் எழுதினார். ஷெட்டில் அத்தனை பேர் பார்த்திருந்ததால் ஆபீசரால் மறுக்க முடியவில்லை. அண்ணனுக்கு ஸ்டோர் நிரந்தரம் ஆயிற்று. மருந்தும் பேச்சுமாக இரண்டு வருடத்தில் ஓரளவு தேறினார், முழுக்கத் தேறவில்லை. டாக்டரம்மா என்னை யாரிடமும் காட்டிக்கொடுக்கவில்லை. ஆனால் அதன்பிறகு ஒரு நாளும் எனக்கு எதையும் படித்துச் சொல்லவும் இல்லை. ஆறு மாதத்தில் என் வேலையும் நிரந்தரம் ஆனது.

தொண்ணூறுகளின் நடுவில் அக்காவின் மகளுக்கு மாங்காட்டில் கல்யாணம். பந்தியில் உட்கார்ந்திருந்த என்னை அக்கா கையைப் பிடித்து எழுப்பி, சம்பந்தி வீட்டார் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். "இந்தப் பொண்ணு மட்டும் அன்னிக்கு டாக்டர இட்டுக்கினு ஓடியாரலன்னா, இன்னிக்கு எங்க ஊட்டுக்காரு இந்த மணவறையில குந்திக்கினு இருக்க மாட்டாரு" என்றாள். அண்ணன் அங்கிருந்தே என்னைப் பார்த்துக் கை கூப்பினார். அந்த வியாழக்கிழமை மதியம் நான் சொன்ன "ஆமா சார்" அவர்கள் இருவருக்கும் தெரியாது. வாயைத் திறந்தேன். நாதஸ்வரம் ஒலித்துக்கொண்டிருந்தது, எல்லோரும் என்னையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தலை குனிந்துகொண்டேன். அதை அவர்கள் அடக்கம் என்று நினைத்தார்கள்.