கழுவாமல் வரட்டும்

பரிமாறும்போது கரண்டியை ஆட்டி ஆட்டிப் பேசுவதால் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் கரண்டியக்கா. இருபது வருடம் ஒரே பள்ளியில் சமையல். சமையலறைச் சன்னல் வழியாகத்தான் பரிமாறுவார். எந்தப் பிள்ளை எதை ஒதுக்குகிறது என்று நின்ற இடத்திலேயே தெரிந்துவிடும்.

ஊரிலுள்ள ஒன்பது பள்ளிகளுக்கும் சேர்த்து ஒரே சமையல்கூடம் கட்டியபோது அவரையே தலைமைச் சமையல்காரர் ஆக்கினார்கள். ஆவியில் வேகும் அண்டாக்கள், காய் நறுக்கும் இயந்திரம். இருபது வருடம் புகை தின்ற கண்களுக்கு எல்லாமே பிடித்துத்தான் இருந்தது. ஆனால் பிள்ளைகள் கண்ணில் படவில்லை. சன்னலைத் திறந்தால் வண்டிகள் நின்றன.

பத்தரைக்குச் சாப்பாடு வண்டி ஏறும். மூன்று மணிக்குப் பாத்திரங்கள் பள்ளிகளிலேயே கழுவித் துடைத்துத் திரும்பும். அதுதான் விதி. வண்டி ஓட்டியது அவருடைய கொழுந்தன்.

"சாப்பிட்டாங்களா தம்பி?"

"பாத்திரத்தைப் பாருங்க அண்ணி, முகம் பாத்து தலையே சீவலாம்."

"பாத்திரம் பளபளன்னு இருந்தா வயிறு நெறஞ்சுதுன்னு அர்த்தமா?"

"வயித்துக்குள்ள எட்டிப் பாக்க என் வண்டியில வசதி இல்லையே!"

இப்படியே மூன்று வாரம். ஒரு புகாரும் இல்லை. அதுதான் அவரை அரித்தது. இரண்டாயிரம் பேருக்குச் சமைக்கிறோமா, இல்லை, யாருக்குமே சமைக்கவில்லையா?

சமையல்கூட மேலாளரிடம் போய் நின்றார். "சார், ஒரு வாரத்துக்குத் தட்டுல மிஞ்சுறதையும் பாத்திரத்துலயே போட்டு, கழுவாம அனுப்பச் சொல்லுங்க."

"ஊரே சுத்தம் சுத்தம்னு கத்துது. நீங்க எச்சிலைக் கேக்குறீங்களேம்மா!"

"நானே கழுவிடறேன் சார்."

மேலாளர் தலையில் அடித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

முதல் நாள் எட்டுப் பள்ளிகளின் பாத்திரங்களில் ஒன்றிரண்டு கைப்பிடிதான் மிச்சம். ஒன்பதாவது, முதல் இரண்டு வகுப்புகள் மட்டும் உள்ள சின்னப் பள்ளி. அங்கே சோறும் பருப்பும் காலியாகி, காய் மட்டும் அப்படியே திரும்பியிருந்தது. கரண்டியக்கா பாத்திரத்தை அருகே இழுத்தார். உப்பா? உறைப்பா? காலையில் மாதிரிக்கு எடுத்து வைத்திருந்த காயை ருசி பார்த்தார். குறையே இல்லை.

பிறகு ஒரு கேரட் துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். ஓரத்தில் கடித்த தடம், நடுவில் இடைவெளி. முன்பல் இரண்டும் இல்லாத வாய்!

பழைய பள்ளியில் சின்னவர்கள் வரிசை வந்தால் காயைக் கரண்டியின் முதுகால் மசித்துத்தான் போடுவார். கை தன் பாட்டுக்குச் செய்துகொண்டிருந்த வேலை. செய்கிறோம் என்பதே அவருக்குத் தெரியாது. அதனால் புது இடத்தில் யாரிடமும் சொல்லவும் இல்லை. இயந்திரமும் எல்லாருக்கும் ஒரே அளவில் நறுக்கித் தள்ளியது.

"இருபது வருஷ அனுபவமாம்! சுடுதண்ணி வைக்கத்தான் லாயக்கு" என்று தன்னையே திட்டிக்கொண்டு பாத்திரத்தைத் தேய்த்தார். திட்டத் திட்ட மனசு லேசாகிக்கொண்டே வந்தது.

மறுநாள் சின்னப் பள்ளிக்கு மட்டும் வேறு பிளேடு, தனி அண்டா, பத்து நிமிடம் கூடுதல் வேக்காடு.

மூன்று மணிக்குக் கொழுந்தன் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணி, இன்னைக்கு மிச்சம் இவ்வளவுதான்."

உள்ளே காயைக் காணோம். அடியில் அரிசி போல ஒரு பால்பல் கிடந்தது.

கரண்டியக்கா அதைக் கழுவி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பிறகு அண்டாப் பக்கம் நின்ற உதவியாளர்களுக்குக் குரல் கொடுத்தார்:

"நாளைக்கு இன்னும் அஞ்சு நிமிஷம் வேகட்டும்!"