சூடான சீட்

பதுளை கராஜில் என் பழைய வேனின் முன் சீட்டைத் தூக்கி, அடியில் மடித்துக் கிடந்த சாக்கை மெக்கானிக் வெளியே இழுத்துப் போட்டார். டீசலில் ஊறிக் காய்ந்த சாக்கின் வாடை குப்பென்று வந்தது.

"இனிமே இன்ஜின் சத்தமும் சூடும் உள்ள வராதுங்கண்ணே," என்று தடித்த ரப்பர் ஷீட்டை ஒட்டத் தொடங்கினார்.

ஹல்துமுல்லையில் அப்பா ஓட்டிய வாடகை வேனிலும் இதே வாடைதான். இன்ஜினுக்கு மேலே இருந்த சீட் கொதிக்கும். சாக்கை மடித்துப் போட்டால்தான் உட்காரலாம். பனி நாட்களில் காய்ச்சல்காரர்களுக்கு அந்த இடத்தை விட்டுக்கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

தங்கச்சிக்குக் காய்ச்சல் முற்றி மூச்சு இழுத்த காலையில், அம்மா அவளை அந்தச் சாக்கின் மேல்தான் கிடத்தி, தலையை மடியில் வைத்துக்கொண்டாள். அப்புத்தளை ஏற்றத்தில் இன்ஜின் போட்ட இரைச்சலில் வேறெதுவும் கேட்கவில்லை.

"புள்ள எப்படி இருக்கா?" அப்பா கத்திக் கத்திக் கேட்டார்.

அம்மா ஒவ்வொரு தடவையும் உள்ளங்காலைத் தொட்டுப் பார்த்தாள். "சூடாத்தாங்க இருக்கு. தூங்குறா."

பதுளை ஆஸ்பத்திரியில் டாக்டர், உயிர் போய் வெகுநேரமாகிவிட்டது என்றார். அம்மா அவர் கையைப் பிடித்து இழுத்தாள். "தொட்டுப் பாருங்கய்யா, சூடு இருக்கு."

ஷீட் ஒட்டி, ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தோம்.

"கை வச்சுப் பாருங்கண்ணே."

வைத்தேன். சூடே இல்லை. அன்றைக்கு இந்த ஷீட் இருந்திருந்தால் அம்மாவுக்கு அப்புத்தளையிலேயே தெரிந்திருக்கும். பதுளை வரைக்குமாவது அவளுக்குப் பிள்ளை இருந்தது.