நான் அடிக்காத பிள்ளை

அடுத்த வீட்டுப் பிள்ளை தப்பு செய்தால் நாம் கை வைக்கலாமா கூடாதா என்று கிணற்றடியில் பெண்கள் பேச்செடுத்தால், நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுவேன். என்னிடம் யாரும் கேட்பதும் இல்லை. பிள்ளை பெறாதவளிடம் இதை யார் கேட்பார்கள்? ஆனால் எங்கள் ஊரில் எனக்கு ஒரு நல்ல பெயர் உண்டு. யார் பிள்ளையையும் கை நீட்டி அடிக்காதவள் என்று. அந்தப் பெயரைக் கேட்டாலே எனக்கு வயிறு எரியும்.

எங்களுடையது கோட்டைக்குப்பம். ஒல்லாந்தர் கோட்டைக் கொடி எங்கள் வாசலிலிருந்து தெரியும். என் நைனா அவர்களுடைய கப்பல்களுக்குச் சரக்குப் படகு ஓட்டியவர். கோட்டைக்கு வெளியே இருந்த பள்ளிக்கூடத்தில் என்னையும் இரண்டு வருடம் உட்கார வைத்தார். மீன்காரிக்கு எழுத்து எதற்கு என்று சிரித்தார்கள். எதற்கும் உதவாமல்தான் கிடந்தது. இப்போது இதை எழுத உதவுகிறது.

என்னைக் கட்டிக்கொடுத்த வீடு ஏரியை நம்பிய வீடு. ஏரி பெரிதுதான், ஆனால் எல்லா இடமும் ஒன்றல்ல. கடலும் ஏரியும் கலக்கிற முகத்துவாரத்துக்குப் பக்கத்தில், கடல்நீர் ஏறி வற்றுகிற ஓதத்தோடு இறால் ஏறி இறங்குகிற இடங்கள் கொஞ்சம்தான். அங்கே யார் எந்த நாளில் கழி ஊன்றி வலை கட்டுவது என்று ஊர் கூடி முறை போட்டு வைத்திருக்கும். அதற்குப் பாடு என்று பெயர். பாடு வந்த வீட்டில் சோறு. மற்ற வீடுகளில் அடுத்த பாடு வரும் வரை கஞ்சியும் பொறுமையும். ஒருவன் பாட்டில் இன்னொருவன் கை வைத்துவிட்டால், கை வைத்தவன் வீட்டுக்கு அந்தப் பருவம் முழுக்கப் பாடு கிடையாது. இந்த விஷயத்தில் ஒல்லாந்தர் தலையிட மாட்டார்கள். அம்மன் கோயில் முன்னால் எங்கள் ஊர்த் தலைவர் உட்கார்ந்து சொல்வதுதான் சட்டம். அவரை நாட்டார் என்போம்.

எங்கள் குடிசைக்கு ஒட்டினாற்போல் இருந்த குடிசையில் புருஷன், பெண்டாட்டி, ஏழு வயதில் ஒரு பெண் குழந்தை. அந்தப் பெண்டாட்டியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். குழந்தை என்னை அத்தை என்று கூப்பிடும். குழந்தையா அது! கூடையில் அடைத்த கோழியைத் திறந்து விடும். உப்புப் போட்டுக் காய வைத்த மீனை நாய்களுக்கு வரிசையாக உட்கார வைத்துப் பரிமாறும். பகலில் தூங்குகிற ஆம்பிளைகளுக்குக் கரியால் மீசை போடும். ஊரே திட்டும், திட்டி முடிக்கும்போது ஊரே சிரித்துவிடும். நானும் சிரித்தவள்தான். அது என் வீட்டில் சாப்பிட்ட சோறு அவர்கள் வீட்டில் சாப்பிட்டதைவிட அதிகம்.

ஒரு நாள் என் கஞ்சிப் பானையில் உயிர் நண்டு ஒன்றைப் போட்டுவிட்டது. நான் கையை விட்டேன், நண்டு விரலைக் கவ்வியது. வலியில் அதன் காதைப் பிடித்துத் திருகிவிட்டேன். அது போட்ட சத்தத்தில் அக்கா ஓடி வந்தாள். என் விரலில் ரத்தம் வடிவதைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டாள்:

"ஒண்ணைப் பெத்து வளத்திருந்தா இப்டி கை நீளுமாம்மே?"

எனக்கு இரண்டு முறை வயிற்றில் தங்கித் தங்காமல் போனது. இரண்டாவது முறை என்னைத் தூக்கி உட்கார வைத்து, துணி மாற்றிவிட்டு, விடிய விடியப் பக்கத்தில் இருந்தவள் அவள்தான். அவள் வாயிலிருந்து அது வந்தது. இனி இந்தப் பிள்ளை மேல் என் விரல் படாது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். பிள்ளைக்கு அதெல்லாம் தெரியுமா? மறுநாள் காலையிலேயே வந்து, "அத்தை, அந்த நண்ட இன்னா பண்ண?" என்று கேட்டுக்கொண்டு நின்றது.

வாடைக் காற்று தொடங்கி, இறால் ஏறுகிற பருவத்தில் எங்கள் முதல் பாடு வந்தது. முந்தின நாள் சாயங்காலம் என் வீட்டுக்காரர் வலையைக் கரையில் விரித்து, கழியில் கட்டுகிற கயிறுகளைச் சரிபார்த்து வைத்துவிட்டு வந்தார். விடியுமுன் போய்க் கட்டினார். ஓதம் வற்றத் தொடங்கியதும் வலை ஒரு பக்கமாகப் பிய்த்துக்கொண்டு முகத்துவாரத்தை நோக்கிப் போய்விட்டது. பாதி வலையைத்தான் அவரால் பிடித்து இழுக்க முடிந்தது. கரையில் கொண்டு வந்து பார்த்தால், நல்ல கயிறுகள் பலவற்றை யாரோ உருவிவிட்டு, அந்த இடத்தில் பனை நாரைக் கட்டி வைத்திருக்கிறார்கள். இருட்டில் அவர் கைக்கு வித்தியாசம் தெரியவில்லை.

கயிறு எங்கே என்று தேட வேண்டியிருக்கவில்லை. எங்கள் வீட்டுக்குப் பின்னாலிருந்த பூவரச மரத்தில் புது ஊஞ்சல் தொங்கியது. பிள்ளை அதில் ஆடிக்கொண்டே கூப்பிட்டது.

"அத்தை, வா, உனக்கும் இடம் வுடறேன்."

என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். "கூப்ட்டு ரெண்டு போடு. அழுதுட்டுப் போவட்டும். அது இன்னா தெரிஞ்சா செஞ்சுது?" என்றார். அவ்வளவுதான் அந்த மனிதருக்குக் கோபம். நான் மாட்டேன் என்றேன். பெற்றவள் கேட்கட்டும் என்று அக்காவிடம் போனேன்.

அக்கா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. "கொழந்த கயிறு எடுத்துச்சுன்னா நான் இன்னா பண்றது? நீங்க பத்திரமா வெச்சிருக்கணும்" என்றாள். அவளுக்கும் பயம்தான், பயத்தில்தான் அப்படிப் பேசினாள் என்று இன்றைக்குப் புரிகிறது. அன்றைக்கு எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. வேண்டாம் வேண்டாம் என்று சொன்ன என் வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு நாட்டாரிடம் போய்ச் சொன்னேன்.

மறுநாள் அம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியது. நாட்டார் எல்லாவற்றையும் கேட்டார். பிறகு என்னைக் கூப்பிட்டார். எங்கள் ஊரில் இப்படி ஒரு வழக்கம் உண்டு. பாட்டைக் கெடுத்தது சின்னப் பிள்ளையாக இருந்தால், நஷ்டப்பட்ட வீட்டார் ஊர் முன்னால் வலைக்கயிற்றால் மூன்று அடி அடிக்கலாம். பெண் பிள்ளையென்றால் அந்த வீட்டுப் பெண்தான் அடிக்க வேண்டும். அடித்துவிட்டால் எல்லாம் தீர்ந்தது. அதற்கப்புறம் இரண்டு வீட்டாரும் அதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. அடிக்காவிட்டால், பிள்ளை செய்தது அப்பன் செய்ததாகிவிடும். அப்பனுக்குப் பாடு போய்விடும்.

நாட்டார் கயிற்றை என்னிடம் நீட்டினார். "மூணு போட்டுட்டு வூட்டுக்குப் போம்மா" என்றார்.

கயிறு என் கையில் இருந்தது. அக்காவைப் பார்த்தேன்.

"பெறாதவ கை அந்தப் புள்ள மேல படக்கூடாதுங்க. அவங்கம்மாவே எங்கிட்ட சொல்லிட்டாங்க."

அக்கா முகம் செத்துப்போனது. பிள்ளையின் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு என் எதிரே வந்தாள். "அடிம்மே. நான் சொன்னது தப்பு. மூணு இல்ல, பத்து அடி. அடிச்சுடு" என்றாள். பிள்ளை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நின்றது. அக்காவின் புருஷன் என் வீட்டுக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் கயிற்றைத் தரையில் வைத்தேன். நாட்டார் இன்னொரு தரம் கேட்டார். மாட்டேன் என்று தலையாட்டினேன். அந்த நிமிஷம் எனக்கு எவ்வளவு இனித்தது என்பதை மறைக்க மாட்டேன். தங்காமல் போன என் இரண்டு பிள்ளைக்கும் சேர்த்துப் பதில் சொல்லிவிட்டதாக நினைத்தேன். திரும்பி நடக்கும்போது பின்னால் பெண்கள் பேசிக்கொண்டார்கள், பாரேன், இவ்வளவு நஷ்டத்திலும் கை நீட்டவில்லையே என்று.

அந்தப் பருவத்தில்தான் ஏரியில் சம்பாத்தியம். மற்ற மாதங்களில் எல்லாம் வயிறு ஒட்டிக் கிடப்பதுதான். கடலுக்குப் போக அவர்களுக்குச் சொந்தமாகக் கட்டுமரம் இல்லை. அந்த வருடம் மழையும் ஏமாற்றியது. அனுப்பம்பட்டுப் பக்கம் அறுப்புக்குப் போகலாமென்றால் அங்கே அறுக்க ஒன்றும் விளையவில்லை. அக்காவின் புருஷன் ஏரிச் சேற்றில் மட்டிச் சிப்பி தோண்டினான், யார் படகிலாவது கூட ஏறிக்கொள்ளக் கேட்டான். தன் வீட்டுக்கே பற்றாதவன் இன்னொருவனை எப்படி ஏற்றுவான்?

பிள்ளை அடங்கிவிட்டது. ஊஞ்சலை அதுவே அவிழ்த்துக் கயிற்றைச் சுருட்டி எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போயிற்று. கோழி குறுக்கே போனால் ஒதுங்கி நின்றது. நான் கூப்பிட்டால் வாசலோடு நின்று என்ன என்று கேட்டது, உள்ளே வரவில்லை. ஊரார், நல்ல புத்தி வந்துவிட்டது என்றார்கள். எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை. மிஞ்சிய பாதி வலையைக் கட்டி எங்கள் அடுத்த பாட்டில் பிடித்த இறாலில் கொஞ்சம் இலையில் சுற்றி அவர்கள் வாசலில் வைத்தேன். சற்று நேரத்தில் பொட்டலம் பிரிக்காமல் என் வாசலுக்கே திரும்பி வந்திருந்தது.

ஒரு மாதம் தாங்கினேன். பிறகு யாருக்கும் சொல்லாமல் நாட்டார் வீட்டுக்குப் போனேன். "நான் அடிச்சுடறேங்க. ஊரைக் கூட்டுங்க, எல்லார் முன்னாலயும் அடிச்சுடறேன்" என்றேன்.

அவர் கெட்டவர் இல்லை. "அவங்க பாட்டப் பிரிச்சி நாலு வூட்டுக்குக் குடுத்தாச்சும்மா. நாலு வூட்லயும் பசிதான் இருக்குது. இப்ப யார் வாயில இருந்து புடுங்கறது? அன்னிக்கே ரெண்டு தரம் கேட்டேனே" என்றார்.

பஞ்ச காலத்தில் கரைக்கு ஆள் சேர்க்கிறவர்கள் வந்து நிற்பார்கள். கடல் தாண்டிப் போகிற கப்பலுக்கு ஆள் வேண்டும் என்பார்கள். வருகிற குடும்பத்துக்கு அங்கேயே அரிசி அளந்து கொடுப்பார்கள். எந்த ஊருக்குப் போகிறோம் என்று ஏறுகிறவர்களுக்கே சரியாகத் தெரியாது. எங்கள் ஊரிலிருந்து அப்படி ஏறியவர்களில் திரும்பி வந்தவர் யாரும் இல்லை. அக்காவின் புருஷன் ஒரு மூட்டை அரிசியோடு வீட்டுக்கு வந்த அன்று, அந்தக் குடிசையில் அழுகை கேட்டது. பிறகு சோறு கொதிக்கிற வாசனை வந்தது. நான் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன்.

அவர்கள் கிளம்பியது நல்ல வெயிலில். கப்பல் தூரத்தில் நின்றது, அதற்கு ஆள் ஏற்றிப் போகிற படகு கரையில் நின்றது. ஊரில் பாதிப் பேர் வந்திருந்தார்கள். நான் போகாமல் இருந்திருக்கலாம். கால் கேட்கவில்லை. எல்லோருக்கும் பின்னால் போய் நின்றேன். அக்கா மூட்டையைப் பிடித்தபடி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

பிள்ளை கூட்டத்துக்குள் நுழைந்து நுழைந்து என்னிடம் வந்தது. இளைத்துப் போயிருந்தது. இத்தனை நாள் கிட்ட வராதது, என் புடவையைப் பிடித்து இழுத்து மெதுவாகக் கேட்டது.

"அத்தை, இப்ப அடிச்சா போதாதா? அடிச்சா நைனாவுக்குப் பாடு குடுத்துடுவாங்க இல்ல?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அது முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டது. நின்று, "ஒண்ணு" என்று அதுவே எண்ணியது.

அடித்தேன். வெறும் கைதான், ஊர் கணக்கில் சேராத அடி. வலிக்காமல் அடிக்கப் பார்த்தேன், அது "ஜோரா அடி அத்தை, நாட்டாரு பாக்கணும்" என்றது. இரண்டாவதை அடித்தேன். மூன்றாவதை அடிக்கும்போது எனக்குக் கண் தெரியவில்லை, கை எங்கே பட்டதென்றுகூடப் பார்க்கவில்லை.

பிள்ளை அழவில்லை. கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடியது. "யம்மா, அத்தை அடிச்சிட்டாங்க! மூணும் அடிச்சிட்டாங்க! நாம போவ வேணாம்!"

அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நான் காலில் விழுந்திருப்பேன். அவள் பிள்ளையின் முதுகில் சிவந்திருந்த இடத்தை முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"சரி, ஏறு" என்றாள்.

படகைத் தள்ளினார்கள். பிள்ளை ஏறவில்லை, தூக்கித்தான் உட்கார வைத்தார்கள். மூன்றும் அடித்தாகிவிட்டது என்று அது படகில் இருந்த ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டேயிருந்தது. தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலே ரொம்ப நேரம் எனக்கு அது கேட்டது.