அசையாத இடம் தேடிய சித்தி

முதலில் டம்ளரை வைப்பாள். எவர்சில்வர் டம்ளர், விளிம்புக்கு ஒரு நூல் குறையத் தண்ணீர். பிறகு குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தண்ணீரின் மேல்பரப்பை உற்றுப் பார்ப்பாள். திரும்பாமலே சொல்வாள்: "ம், குதிங்க."

குதிப்பவர் சித்தப்பா. பேக்கரியில் மாவு பிசைபவர். பிசைந்ததில் ஒரு பங்கை வருஷக்கணக்காக உடம்பிலேயே சேமித்து வருபவர். முன்பின் தெரியாதவர்களின் கொல்லைப்புறத்தில், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, "எவ்வளவு உயரம்?" என்று கேட்பார். ஒவ்வொரு முறையும் கேட்பார்.

"சும்மா குதிங்க. பரிசா குடுக்கப் போறாங்க?"

குதிப்பார். தண்ணீரில் வளையம் வளையமாக அலை ஓடும். "இல்ல" என்று ஒரே சொல். தண்ணீர் அங்கேயே ஒரு செடிக்குப் போகும். சித்தி அடுத்த வீட்டுக்குப் போவாள்.

கோபித்துக்கொண்டவர்களும் உண்டு. ஒரு வீட்டில் சித்தப்பா குதித்ததும் சுவரிலிருந்து கொஞ்சம் காரை பெயர்ந்து விழுந்தது. "ஏம்மா, உங்க வீட்ல தரை இல்லையா?" என்றார் வீட்டுக்காரர். "இருக்குங்க, ஆனா அது ஆடுது" என்றாள் சித்தி.

எங்கள் பக்கத்தில் இது பற்றி மூன்று வதந்திகள் உலவின. சித்தி புதையல் தேடுகிறாள் என்பது ஒன்று. பூகம்பம் வருமா என்று பார்க்க அரசாங்கம் அனுப்பியிருக்கிறது என்பது இன்னொன்று. சித்தப்பாவுக்கு எடை குறைய டாக்டர் தினம் பத்து வீட்டில் குதிக்கச் சொல்லியிருக்கிறார் என்பது மூன்றாவது. மூன்றாவதைக் கிளப்பியது யார் என்று சித்தி இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறாள். நானும் கூடவே இருந்து அக்கறையாக விசாரித்து வருகிறேன்.

சித்தி என் அம்மாவின் தங்கை. பிழைப்பு, ரத்தப் பரிசோதனை நிலையத்தில். மீசை முறுக்கிய ஆட்கள் ஊசியைக் கண்டு வெளிறிப்போனால், "நீங்க படுத்துக்கோங்க, உங்க வீட்டம்மா நிக்கட்டும்" என்பாள். நரம்பு கிடைக்காவிட்டால் நரம்போடு பேசுவாள்: "வா, எங்க போயிடப் போற." அவள் பேச்சில் மயங்கியவர்கள் குறைவு, பேச்சுக்குப் பயந்து மயங்காமல் இருந்தவர்கள் நிறைய.

ஆனால் ட்யூபில் பெயர் ஒட்டும்போது அவளிடம் யாரும் பேசக்கூடாது. அந்த நேரத்தில் லேப் முதலாளியே வாசலில் நின்றுவிடுவார். ஒட்டுவாள், படிப்பாள், உட்கார்ந்திருப்பவரிடம் மறுபடி பெயர் கேட்பாள். "ரத்தம் நல்லா இருந்து பேர் தப்பா இருந்தா நான் என்ன செய்ய? ஒருத்தருக்கு வராத நோய் வந்துடும், இன்னொருத்தருக்கு வந்த நோய் தெரியாமப் போயிடும்." இந்த வழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. உப்பு டப்பாவில் உப்பு என்று எழுதியிருக்கும். அதிலென்ன என்று கேட்பீர்கள். சித்தப்பாவின் சீப்பில் சித்தப்பாவின் பெயர் ஒட்டியிருக்கும். அவருக்குத் தலையில் முடி கிடையாது.

காலேஜ் சார் சர்க்கரை பார்க்க வந்த அன்றுதான் இந்தக் குதியாட்டம் தொடங்கியது. கல்லூரியில் இயற்பியல் நடத்துபவர், நல்ல மனிதர், ஊசி குத்தும்போது வலியை மறக்கப் பேசிக்கொண்டே இருப்பவர். அன்று பேசியது ஒரு நினைவுக்கல்லைப் பற்றி. நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு வானியலாளர் கப்பலேறி வந்து எங்கள் ஊரில் தொலைநோக்கியை நிறுத்தியிருக்கிறார். வெள்ளிக் கோள் ஒரு கரும்பொட்டாகச் சூரியனின் முகத்தைக் கடந்து போனதைப் பார்த்து, அது விளிம்பைத் தொட்ட நொடியைக் குறித்திருக்கிறார். இப்படி உலகத்தின் பல மூலைகளில் குறித்ததையெல்லாம் சேர்த்துத்தான் சூரியன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று இன்னும் சரியாகக் கணக்குப் போட்டார்களாம். அந்த இடத்தில் கல் வைக்க ஒரு கமிட்டி. சார் அதன் செயலாளர்.

"கல்லு ரெடிம்மா. 'இந்த இடத்தில்'னு ஆரம்பிச்சு அழகா செதுக்கியிருக்காங்க."

"எந்த இடம் சார்?"

"அதுதான் சரியாத் தெரியல. அந்த வானியலாளர் எழுதி வெச்ச அளவு நாலஞ்சு தெருவைச் சேர்த்துக் காட்டுது. நடுவுல ரவுண்டானா இருக்கே, அங்க வெச்சிடலாம்னு முடிவு பண்ணிட்டோம்."

ரத்தம் ட்யூபில் பாதி ஏறியிருந்தது. சித்தி கையை அசைக்காமல் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப அது பேர் மாறின ட்யூப் சார்."

சார் சிரிக்கப் பார்த்தார். சித்தி சிரிக்கவில்லை. "கல்லுல செதுக்கிட்டா அப்புறம் யாரும் தேட மாட்டாங்க. தப்புன்னு தெரிஞ்சே ஒட்டறது."

"சரிம்மா, விழாவுக்குள்ள நீங்க கண்டுபிடிச்சுக் குடுங்க, கல்லை நானே தூக்கிட்டு வர்றேன். இப்போதைக்கு ஊசியை எடுங்க."

அவர் விளையாட்டாகச் சொன்னார். அவள் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டே, தொலைநோக்கியை எதன்மேல் வைத்திருப்பார்கள் என்று கேட்டாள். பூமிக்குள் ஆழமாக இறக்கிக் கட்டிய கல்தூண் ஒன்றின்மேல் என்றார் சார். சுற்றியுள்ள தரை அந்தத் தூணைத் தொடாது. யாராவது நடந்தால் தரை ஆடும், தூண் ஆடாது. சித்திக்கு அது உடனே புரிந்தது. "எங்க மைக்ராஸ்கோப் மேசையும் தனியாத்தான் சார் கட்டியிருக்கு. இல்லன்னா வாசல்ல லாரி போனா உள்ள செல்லெல்லாம் டான்ஸ் ஆடும்." அவ்வளவு ஆழமான தூணை யாரும் மெனக்கெட்டுப் பிடுங்கியிருக்க மாட்டார்கள், அதைச் சுற்றித்தான் வீடு கட்டியிருப்பார்கள் என்பது அவள் கணக்கு. துவைக்கிற கல்லாகவோ, தொட்டி மேடையாகவோ எங்கேயோ அது நின்றுகொண்டிருக்க வேண்டும். ஆகவே டம்ளர். ஆகவே சித்தப்பா.

விடுமுறை நாளெல்லாம் இதற்கே போயிற்று. இதற்கிடையே ரவுண்டானாவில் கல் நிறுத்தக் குழியும் தோண்டிவிட்டார்கள். வேலைக்குப் போகும்போது சித்தி அந்தக் குழியை, தன் வாசலில் அடுத்தவர் வண்டி நிறுத்தியதைப் பார்ப்பது போல் பார்த்துவிட்டுப் போவாள். "விடேன், ஒரு ஃபர்லாங் முன்னப்பின்ன இருந்தா சூரியனுக்குத் தெரியவா போகுது?" என்று அம்மா சொன்னாள். "எனக்குத் தெரியும்ல" என்றாள் சித்தி. அன்று சாப்பிடும்போதும் தட்டுக்குப் பக்கத்திலிருந்த தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சித்தப்பா எழுந்து நடக்கவே பயந்தார்.

விழாவுக்கு முந்தைய வாரம், தண்டவாளத்தை ஒட்டிய தெருவில் ஒரு பழைய கிடங்கு. அன்று நானும் கூடப் போயிருந்தேன். அதை அறை அறையாகத் தடுத்து வாடகைக்கு விட்டிருந்தார்கள். முன்னறையில் ஒரு தையல்கார அக்கா. மரப்பலகைத் தரை; அவள் மெஷினை ஓட்டினால் மேசைமேல் கத்தரிக்கோல் தானாக நகர்ந்தது. மூலையில் இடுப்புயரத்துக்கு, ஒரு சின்ன மேசை அகலத்தில் ஒரு கருங்கல் மேடை. அதன்மேல் ஒரு கூடை. கூடைக்குள் ஒரு குழந்தை, வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தது.

"இந்தத் திண்டைச் சுத்தி மட்டும் பலகையை ஒட்டாம விட்டுட்டாங்கக்கா. இந்த இடுக்குல எத்தனை ஊசி, எத்தனை பட்டன், ஒரு கரண்டிகூட விழுந்துடுச்சு" என்றாள் அவள். பலகைக்கும் கல்லுக்கும் நடுவில் விரல் நுழையும் அளவுக்கு இருட்டாக ஓர் இடைவெளி, நாலு பக்கமும்.

சித்தி அதைப் பார்த்தாள். கூடைக்குப் பக்கத்தில் டம்ளரை வைத்தாள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "குதிச்சா குழந்தை முழிச்சுக்குமா?"

"தாராளமா குதிக்கச் சொல்லுங்க. நான் நாள் முழுக்க மெஷின் ஓட்டுறேன், அவன் புரண்டுகூடப் படுக்கறதில்ல. அங்கிருந்து இறக்கினாத்தான் ஊரைக் கூட்டுவான். இந்தக் கல்லு இருக்கறதாலதான் என்னால தைக்க முடியுது."

சித்தப்பா உயரம் கேட்கவில்லை. குதித்தார். பட்டன் டப்பா கவிழ்ந்தது. கத்தரிக்கோல் கீழே விழுந்தது. ஜன்னல் கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

டம்ளரில் தண்ணீர் கண்ணாடி போல் இருந்தது.

"இன்னொரு தடவை" என்றாள் சித்தி. அவர் இன்னொரு தடவை குதித்தார். அப்புறம் அவள் கேட்காமலே மூன்றாவது தடவையும் குதித்தார், சந்தோஷத்தில். குழந்தை ஒரு பெருமூச்சு விட்டது. அவ்வளவுதான்.

காலேஜ் சார் ஆட்டோ பிடித்து வந்தார். ஷூவை வாசலிலேயே கழற்றினார். கல்லின் மேல்பக்கத்தில் மூன்று பள்ளங்கள், தொலைநோக்கியின் கால்கள் நின்ற இடம், அவர் விரலுக்குத் தட்டுப்பட்டன. ஒன்றில் பால்புட்டியின் மூடி இருந்தது. வகுப்பில் வாய் மூடாதவர், மூடியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு அந்தப் பள்ளத்தையே தடவிக்கொண்டிருந்தார்.

பேசியது தையல்கார அக்காதான். "அப்ப இந்த ரூமை என்ன செய்வாங்க சார்?"

சார் பொய் சொல்லத் தெரியாதவர். "பாதுகாக்கணும்பாங்க. சுத்திக் கயிறு கட்டுவாங்க. பார்க்க ஆள் வரும்."

"வீட்டுக்காரர் ஏற்கெனவே என்னைக் காலி பண்ணச் சாக்கு தேடிட்டிருக்கார்" என்றாள் அவள். சொல்லிவிட்டுக் கவிழ்ந்த பட்டன்களைப் பொறுக்க ஆரம்பித்தாள். மறுபடி நிமிரவில்லை.

வீடு திரும்பும்போது சித்தி டம்ளரைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நடந்தாள். எது எங்கே இருக்கிறதோ அதை அங்கே இருக்கிறது என்று சொல்லியே பழகியவள். கடைசியில் சரியான இடம் கையில் இருக்கிறது. சொன்னால் ஒரு தாய்க்குப் பிழைப்பு போகும். நான் வழக்கம்போல் ஏதாவது கிண்டலாகச் சொல்லலாம் என்று பார்த்தேன். அவள் நெற்றி சுருங்கியிருந்ததைப் பார்த்துவிட்டு, டம்ளரை வாங்கிச் சுமந்துகொண்டு வந்தேன்.

மறுநாள் காலை கல் செதுக்குபவரின் பட்டறைக்குப் போனாள். சாரையும் வரச் சொல்லியிருந்தாள்.

"'இந்த இடத்தில்' வேணாம் சார். 'இந்தத் தெருவில்'னு போடுங்க. கல்லைத் தெருமுனைச் சுவர்ல வைங்க. அதுல பொய் இல்ல."

"கமிட்டி கேட்குமேம்மா, எந்த வீடுன்னு."

"ட்யூப்ல பேஷண்ட் பேரைச் சரியா ஒட்டறோம் சார். அதுக்காக ரிப்போர்ட்டை வாசல்ல தொங்க விடறதில்லையே. சேர வேண்டியவங்க கையில குடுப்போம், அவ்வளவுதானே. உங்க சர்க்கரை எவ்வளவுன்னு நான் ஊர்ல யார்கிட்டயாவது சொல்லியிருக்கேனா?"

சார் தலையாட்டினார். அந்தப் பெண் தானாக வீடு மாறும்வரை, தான் எடுத்த அளவும் படமும் தன் பீரோவில் இருக்கும் என்றார். செதுக்குபவர்தான் முணுமுணுத்தார்: "நாலு நாள் உட்கார்ந்து செதுக்கினேங்க." அப்புறம் அவரே கல்லைப் புரட்டிப் பார்த்து, பின்பக்கம் நன்றாகத்தான் இருக்கிறது, இதில் போட்டுவிடலாம் என்றார். ரவுண்டானாக் குழியில் நகராட்சி ஒரு மரக்கன்றை நட்டுவிட்டது.

விழா நல்ல வெயிலில் நடந்தது. திரை விலகியது, கைதட்டினார்கள், சித்தப்பா அன்று குதிக்க வேண்டியிருக்கவில்லை என்பதால் இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். தெருவுக்குள்ளே எங்கோ தையல் மெஷின் ஓடுவது விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு நிருபர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து சித்தியிடம் மைக்கை நீட்டினார்.

"மேடம், நீங்கதான் கண்டுபிடிச்சீங்களாம். தெரு சரி. கரெக்டா எந்த இடம்?"

காலேஜ் சார் இருமினார். சித்தப்பா தன் சட்டைப் பித்தானை ஆராய்ந்தார். சித்திக்குப் பொய் வராது என்பது எங்கள் மூன்று பேருக்குமே தெரியும்.

அவள் மைக்கைப் பார்த்தாள். தெருவின் உள்பக்கம் திரும்பவே இல்லை. மெல்ல வலது கையை உயர்த்தி, கண்களைச் சுருக்கிக்கொண்டு, வெள்ளி கடந்து போன சூரியனையே நேராகக் காட்டினாள். கூட்டம் முழுக்க நெற்றியில் கைவைத்து அண்ணாந்து பார்த்தது.