ஃபாவில் நின்றுபோனவர்கள்

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். என் கையெழுத்தை மறுநாள் நானே வாசிக்கச் சிரமப்படுவேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் மனம் ஒத்துப் பிரிந்தோம். அதன் பிறகு சின்ன ர, பெரிய ற எல்லாம் தங்கள் விருப்பப்படிதான் வந்து உட்காருகின்றன. சரியானது தெரிந்தவர்கள் திருத்தி வாசியுங்கள். தெரியாதவர்களுக்குப் பிரச்சினையே இல்லை.

2009 எங்கள் ஆட்களில் எவருக்கும் நல்ல வருடமில்லை. அதைப் பற்றி எழுத எனக்குத் தகுதி போதாது. அந்த வருடக் கடைசியில் எங்கள் வீட்டுக்கு வந்த இரண்டு கடிதங்களைப் பற்றி மட்டும் எழுதலாம். ஒன்று மனைவிக்கு: பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்துவிட்டது. மற்றது எனக்கு: மொழி போதாது, இரண்டு வருடம் கழித்து மறுபடி விண்ணப்பிக்கவும். ஆக, அன்றிலிருந்து நான் ஒரு பிரெஞ்சுப் பெண்ணோடு குடும்பம் நடத்தத் தொடங்கினேன். பலருக்கு அது கனவு. எனக்குத் தபாலில் வந்தது.

நேர்முகத்தில் நான் ஒன்றும் பிழையாகச் சொல்லவில்லை. ஒன்றுமே சொல்லவில்லை. தமிழிலும் நான் அப்படித்தான் என்பது அந்த அதிகாரிக்குத் தெரிய நியாயமில்லை. பெண் பார்க்கப் போன அன்று, மாப்பிள்ளைக்குப் பேச்சு வருமா என்று மாமனார் தரகரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டவர்.

மனைவி அலுவலகங்களைத் துப்புரவு செய்பவள். கூட வேலை செய்யும் மாலி நாட்டுப் பெண்களோடும் போர்த்துக்கல் பெண்களோடும் சண்டை பிடித்தே பிரெஞ்சு கற்றுக்கொண்டவள்.

"இஞ்சாருங்கோ, சும்மா இருந்தா அடுத்த முறையும் இதே கடிதம்தான் வரும். இஞ்சை வட்டாரச் சமூக நிலையத்திலை பிரெஞ்சு வகுப்பு நடக்குதாம். போய்ப் பதியுங்கோ" என்றாள்.

"நீரும் வாருமன்."

"நான் வந்தா நான்தான் கதைப்பன். பிறகு எனக்கு ரெண்டாந்தரமும் குடியுரிமை தருவாங்கள்."

2010 செப்டெம்பரில் ஒரு சனிக்கிழமை போனேன். பரிஸில் லாச்சப்பல் பகுதியில் வசிக்கும் எங்கள் ஆட்களுக்கு அலுவலகம் என்றால் பிரிபெக்சர்தான். விசா கார்டு புதுப்பிக்க விடியமுன் போய் வரிசையில் நின்று பழகியவர்கள், எங்கே போனாலும் விடியமுன்தான் போவோம். நிலையம் ஒன்பதரைக்குத் திறக்கும். ஐந்தரைக்கு நான் கதவடியில் நின்றேன். கையில் கோப்பு. பிறப்புச் சான்றிதழ், அதன் மொழிபெயர்ப்பு, கல்யாணப் பதிவு, மூன்று மாதச் சம்பளத் துண்டுகள், மின்சார பில், ஆறு படங்கள்.

எட்டு மணியளவில் எனக்குப் பின்னால் ஆட்கள் சேர்ந்தார்கள். எல்லாரும் வெள்ளைக்காரர். பிரெஞ்சு படிக்க இத்தனை பிரெஞ்சுக்காரரா என்று ஒரு கணம் யோசனை வந்தது. ஆனால் வரிசையில் முதல் ஆளாக நிற்பவன் யோசிக்கக் கூடாது, இடம் போய்விடும்.

உள்ளே மேசையில் இருந்த பெண் ஏதோ கேட்டார். கோப்பை முழுதாக முன்னால் வைத்தேன். அவர் மின்சார பில்லை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் இரண்டு விரலால் என் பக்கம் தள்ளினார். மறுபடி ஏதோ கேட்டார். "வுய்" என்றேன், ஆம் என்று. இன்னொன்று கேட்டார். அதற்கும் "வுய்". இந்த நாட்டில் என் பதினெட்டு வருடங்களும் அந்த ஒரு சொல்லில்தான் ஓடியிருந்தன, பிறகு ஏன் புதிதாக ஒன்றைத் தேடவேண்டும்? எனக்குப் பின்னால் நின்ற வயதான பெண்மணி என் தோளில் தட்டிப் பாராட்டினார். காரணம் அடுத்த சனிக்கிழமை அறைக்குள் நுழைந்தபோது விளங்கியது. எட்டுக் கதிரைகள். எட்டுக் கிற்றார்கள். வட்டாரமே அடிபடும் வகுப்பில் முதலாவது இடத்தைப் பிடித்திருந்தேன்.

பிரெஞ்சு வகுப்புக்கான பதிவு வேறொரு நாளில், மேல்மாடியில் நடந்து முடிந்திருந்தது. தவறுதலாக வந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு எழும்பிப் போயிருக்கலாம்தான். அதைச் சொல்லும் அளவுக்குப் பிரெஞ்சு தெரிந்திருந்தால் நான் அங்கே வந்திருக்கவே தேவையில்லை. உட்கார்ந்தேன். ஒரு வருடத்துக்கு இரவலாக ஒரு கிற்றாரும் தந்துவிட்டார்கள்.

வீட்டில் மனைவி அதைக் கனநேரம் பார்த்தாள்.

"இது என்ன?"

"கிற்றார்."

"பிரெஞ்சு எங்கை?"

"இடம் முடிஞ்சுதாம்."

"அப்ப அடுத்த முறை அவங்கள் கேள்வி கேக்கேக்கை வாசிச்சுக் காட்டப் போறியளோ?"

நான் கிற்றாரை அலுமாரிக்குப் பின்னால் சாய்த்து வைத்தேன்.

கிற்றாரை முதுகில் கொளுவிக்கொண்டு லாச்சப்பல் தெருவில் நடப்பது எவ்வளவு ஆபத்தானது என்று எனக்கு முன்னமே தெரிந்திருக்கவேண்டும். எங்கள் ஆட்களில் நடுவயது ஆம்பிளை ஒருவர் கிற்றாரோடு போனால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான்: ஜெபக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டார். மரக்கறிக் கடைக்காரர் முருங்கைக்காயை நிறுத்தபடியே கேட்டார்:

"அண்ணை, எந்தச் சபை?"

"சபை இல்லைத் தம்பி. வகுப்பு."

"ஓம் ஓம். முதல்லை எல்லாரும் வகுப்பு எண்டுதான் சொல்லுறவை."

வருடா வருடம் கோயில் அன்னதானத்துக்கு மரக்கறி வெட்ட என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்த முறை கூப்பிடவில்லை. மனைவிக்குக் கோயிலில் மூன்று பெண்கள் ஆறுதல் சொன்னார்களாம். உண்மையான சபைக்காரர் ஒருவரும் தெருவில் மறித்து, தங்களிடம் பாட ஆளிருக்கிறது, வாசிக்கத்தான் ஆளில்லை என்று மிகவும் அன்பாக அழைத்தார். மறுத்துப் பேச வெட்கமாக இருந்தது. "வுய்" என்று சொல்லாமல் தப்பியதே பெரிய காரியம்.

இனி ஃபாவுக்கு வருகிறேன். பல கம்பிகளை ஒன்றாக அழுத்தி ஒரே ஒலியாக எழுப்புவதை அக்கோர் என்பார்கள். தோ, லா, சொல் என்று பிரெஞ்சுச் சரிகமப் பெயரில் வரும் மற்ற அக்கோர்களுக்கு இரண்டு மூன்று விரல் நுனிகள் போதும். ஃபா அப்படியல்ல. சுட்டுவிரலை நீட்டி ஆறு கம்பிகளுக்கும் குறுக்கே தடிபோல் படுக்க வைக்கவேண்டும். அது அசையாமல் அழுத்திக்கொண்டிருக்கும்போதே மற்ற மூன்று விரல்களும் தங்கள் தங்கள் இடத்துக்குப் போகவேண்டும். கண்டுபிடித்தவருக்கு மனிதக் கையோடு ஏதோ பழைய பகை இருந்திருக்கிறது. நான் அழுத்தினால் இரண்டு கம்பி முனகும், ஒன்று இருமும், மிச்சம் மூன்றும் என்னைப் போல.

தலைமயிரைப் பின்னால் முடிந்திருந்த மெலிந்த மனிதர்தான் ஆசிரியர். ஒரு மாதத்தில் விரல் தோல் தடித்துவிடும், பிறகு நோகாது என்றார், பாதி சைகையில். எல்லாருக்கும் தடித்தது, எனக்கு இல்லை. நான் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவுபவன். நாளில் எட்டு மணிநேரம் சுடுதண்ணீரில் ஊறும் விரல் எப்படித் தடிக்கும்? சனிக்கிழமை வகுப்பில் சேர்த்த தோலைத் திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டுக் கோப்பைகள் கழற்றிக்கொண்டு போய்விடும்.

மதியத்துக்கும் மாலைக்கும் இடையில் உணவகத்தில் மூன்று மணிநேரம் ஓய்வு. உடுப்பு மாற்றும் அறையில் கிற்றாரோடு இருப்பேன். எங்கள் சமையற்காரர் வன்னிப் பக்கத்தவர், என்னிலும் இளையவர். ஒருநாள் கதவில் சாய்ந்து நின்று கேட்டார்.

"அண்ணை, அதுக்கு ஏதும் வருத்தமே?"

"எதுக்கு?"

"உங்கடை கிற்றாருக்கு. ஒரு மாசமா ஒரே இடத்திலை முனகுது."

"அது ஃபா."

"டாக்குத்தரிட்டைக் காட்டுங்கோ அண்ணை. முத்த விடாதேங்கோ."

என் பக்கத்துக் கதிரையில் இருந்தவர் பதிவு நாளில் தோளில் தட்டிய அதே பெண்மணி. ஓய்வுபெற்ற பல் வைத்தியர். முப்பது வருடம் ஊர்ப் பற்களைப் பிடுங்கிய கை, ஆனாலும் ஃபா அசையவில்லை. ஒவ்வொரு கிழமையும் என்னிடம் திரும்பி, வந்ததா என்று கேட்பார். "நோன்" என்பேன். இப்படித்தான் என் பிரெஞ்சு இரண்டு சொற்களாக வளர்ந்தது.

ஏப்ரலில் ஒருநாள் ஆசிரியர் என் சுட்டுவிரலைப் பிடித்துச் சற்று உருட்டினார். விரலின் வயிற்றால் அல்ல, விலாவால் அழுத்து என்றார். உருட்டியவர் அந்த விலாவைத் தடவிப் பார்த்துவிட்டு, இது என்ன என்று கேட்டார். அங்கே மரம்போல் காய்த்திருந்தது. தட்டைக் கோப்பைகளை இருபது இருபதாக அடுக்கி இடக்கையில் தூக்கும்போது பாரம் முழுதும் அந்த விலாவில்தான் இறங்கும். அதைச் சொல்லச் சொல் தெரியாமல், எழும்பி நின்று வெறுங்கையில் கோப்பை அடுக்கிக் காட்டினேன். எட்டுப் பேருக்கும் விளங்கியது. அதன் பிறகு ஐந்து தரத்துக்கு ஒருதரம் ஃபா வந்தது. எந்த ஒருதரம் என்பது மட்டும் அதன் விருப்பம்.

ஜூனில், வருட முடிவில், கீழ் மண்டபத்தில் எல்லாரும் சேர்ந்து ஒரு மெட்டு வாசிக்கவேண்டும். குடும்பங்கள் வந்து பிளாஸ்டிக் கதிரைகளில் நிறைந்திருந்தன. மனைவியும் வந்தாள், எதற்கும் ஒரு சாட்சி வேண்டுமென்று. மெட்டில் நாலு இடத்தில் ஃபா வரும். என்னிடம் ஒரு திட்டம் இருந்தது. ஃபா வரும்போது இடக்கையைச் சும்மா வைத்துக்கொண்டு வலக்கையை மட்டும் ஆட்டுவது. மற்ற ஏழு பேரின் சத்தத்தில் யாருக்குத் தெரியப்போகிறது?

முதலாவது ஃபா வந்தது. மண்டபம் அமைதியானது. எட்டு வலக்கைகள் கம்பிக்கு மேலால் அழகாக ஆடின, ஒரு சத்தமும் இல்லை. மற்ற ஏழு பேரிடமும் அதே திட்டம்தான் இருந்திருக்கிறது. நாகரிகம் அடைந்த மக்கள், கலந்து பேசாமலே ஒத்துப்போகிறார்கள். முன்வரிசையில் ஒருவர் அதை இசையின் ஆழம் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். ஆசிரியருடைய முகத்தை நான் பார்க்கவில்லை.

அந்த அமைதிக்குக் காரணம் நான்தான் என்று நினைத்துவிட்டேன். இரண்டாவது ஃபாவில் பயத்தில் விரல் தானாக இறுகியது. ஆறு கம்பிகளும் பேசின. தனியாக, பெரிதாக, மண்டபத்தின் கடைசிக் கதிரை வரைக்கும். அதைக் கேட்டு நானே திடுக்கிட்டு, அடுத்து வந்த, குழந்தைகளும் பிடிக்கும் அக்கோரைத் தவறவிட்டேன். மூன்றாவதுக்கும் நாலாவதுக்கும் ஏழு பேரும் கையை நிறுத்திவிட்டு வெளிப்படையாக என்னைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். ஒரு மனிதனைக் கூச்சத்தாலேயே கொல்ல முடியுமென்றால் அன்று அது நடந்திருக்கும்.

முடிந்ததும் பல் வைத்தியர் என் விரலைப் பிடித்துக்கொண்டார், பிடுங்கிவிடுவார் போல. எப்படி என்றார். மற்றவர்களும் சுற்றி நின்றார்கள். தப்ப வழியில்லை. சொன்னேன். விரல், விலா, உருட்டு, அழுத்து, மெதுவாக, பெருவிரல் பின்னால், மறுபடியும். பத்து மாதமாக ஆசிரியர் சொல்லிச் சொல்லி என் காதில் தேங்கிக் கிடந்த சொற்கள் எல்லாம் வரிசையாக வெளியே வந்தன. பிழை பிழையாகத்தான். ஒருவரும் திருத்தவில்லை, எல்லாருடைய கண்ணும் விரலில் இருந்தது.

கிற்றாரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்தோம். பாதித் தூரம் வந்ததும் மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள்.

"நீங்கள் கதைச்சனீங்கள்" என்றாள்.

"ஓம்."

"எங்கடை கலியாண வீட்டிலையும் அவ்வளவு கதைக்கேல்லை."

அந்த வருடக் கடைசியில், இரண்டு வருடத் தவணை முடிந்ததும், இரண்டாவது நேர்முகம். மனைவி மூன்று கிழமை என்னைப் படிப்பித்தாள். கொடியின் நிறங்கள், ஆறுகள், அரசனின் தலையை வெட்டிய வருடம். ஓய்வு நேரத்தில் என்ன செய்வீர்கள் என்று கேட்டால் அருங்காட்சியகம் போவேன் என்று சொல்லவேண்டும். பிரெஞ்சுக்காரர் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்களாம், ஒருவரும் போவதில்லையாம்.

அதிகாரி கண்ணாடி போட்டவர், சிரிக்காதவர். வேலை என்ன என்று கேட்டார், சொன்னேன். ஓய்வு நேரம் என்றார். அருங்காட்சியகம் என்ற சொல் நினைவுக்கு வரவில்லை. "கிற்றார்" என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். தானும் இருபது வயதில் படித்ததாகவும் பிறகு விட்டுவிட்டதாகவும் சொன்னார்.

"ஃபாவிலா?" என்று கேட்டுவிட்டேன். ஓர் அதிகாரியிடம் நான் கேள்வி கேட்டது அதுதான் முதல்தரம்.

அவர் தன் சுட்டுவிரலை ஒருதரம் பார்த்தார். ஆம் என்றார். வயிற்றால் அழுத்தியிருப்பீர்கள், விலாவால் அழுத்தவேண்டும் என்று தொடங்கினேன். எவ்வளவு நேரம் பேசினேன் என்று தெரியாது. குடியுரிமை கொடுக்க இருந்த மனிதர் மேசை விளிம்பைப் பிடித்து, விரலை உருட்டி உருட்டி அழுத்திக்கொண்டிருந்தார். கதவுக்கு வெளியே யாரோ இருமியதும் பேனாவை எடுத்து, பரிஸ் நகருக்குள்ளால் ஓடும் ஆறு எது என்று கேட்டார். அதை விட்டால் அரசனையும் கேட்கவில்லை, கொடியையும் கேட்கவில்லை. தாளில் நீளமாக ஏதோ எழுதினார்.

வெளியே மனைவி காத்திருந்தாள்.

"என்ன கேட்டவை?"

"ஃபா எப்பிடிப் பிடிக்கிறது எண்டு."

அவள் தெருவிலேயே நின்றுவிட்டாள். இந்த மனுசனுக்கு இனிக் குடியுரிமை இல்லை, வைத்தியம்தான் என்று நினைத்ததாகப் பிறகு சொன்னாள்.

2012 வசந்தத்தில் கடிதம் வந்தது. மனைவி நின்றபடியே பிரித்து வாசித்தாள். வாசித்து முடித்ததும் கதிரையில் உட்கார்ந்து, மறுபடி வாசித்தாள். பிறகு என்னிடம் நீட்டி, "தந்திட்டாங்கள். சத்தமா வாசியுங்கோ" என்றாள். வாசித்தேன். ஒவ்வொரு சொல்லாக, நின்று நின்று, பாதி உச்சரிப்பு பிழையாக. ஒரு பக்கம்தான், பத்து நிமிடம் எடுத்தது. அவள் ஓரிடத்திலும் குறுக்கிடவில்லை. கடைசி வரியில் இருந்த என் பெயர் வரைக்கும் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

பரிஸ், 9 பெப்ரவரி 2014, ஞாயிற்றுக்கிழமை.