யோகம்மாவின் இரண்டாவது கடிதமும் தவராசாவும்

தவராசா போய்விட்டார். நேற்று மதியம், கடையிலேயே, மாரடைப்பு.

மல்லாவிச் சந்தைக்கு எதிரே கொமினிகேஷன் கடை வைத்திருந்தவர். போட்டோக்கொப்பி, ரீலோட்... இரண்டு வருடமாக ஏஐ-யில் கடிதம்.

எட்டாம் வகுப்போடு நின்றவர். அந்தக் கம்பியூட்டருக்குள் என்ன இருக்கிறதென்று ஒருநாள் கேட்டேன். "தூசிதான் ரீச்சர், போன கிழமைதான் துடைச்சனான்" என்றார்.

ஆனால் சனம் சொல்வதைப் போனுக்குச் சொல்லி, ஐந்து நிமிடத்தில் ஆங்கில விண்ணப்பம் எடுத்துவிடுவார். துளித் தயக்கமில்லை. முப்பது வருடம் ஆங்கிலம் படிப்பித்த எனக்கு அது பிடிக்கவில்லை என்பதை மறைக்கப் போவதில்லை.

முக்கியமான கடிதமென்றால் என்னிடம் கொண்டுவருவார். பென்சன் எடுத்த பிறகு சிவப்புப் பேனா பிடிக்கக் கை அரிக்குமே என்று ஒரு நக்கலும் கூட வரும்.

யோகம்மாவின் கடிதமும் அப்படித்தான் வந்தது. போரில் உயிரிழந்த மகனின் நினைவாக, அரசாங்கம் தந்த வயல் காணிப் பெமிற்றில் தனக்கு அடுத்த உரித்தாளியாக உள்ள அவன் பெயரை நீக்க வேண்டாம் என்று கொழும்புக்கு ஒரு தாய் எழுதும் கடிதம். பிழையற்ற ஆங்கிலம். எரிச்சலோடு ஒரு கொமாக் குறியை வெட்டிவிட்டுக் கொடுத்தேன்.

யோகம்மா கையெழுத்து வைத்தார். அவருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது.

பதில் விரைவாகவே வந்தது. மகனின் மரணச் சான்றிதழை இணைக்கவும்.

தவராசா அதைத் தமிழில் சொன்னபோது அந்த மனுஷி கேட்டது ஒன்றுதான்.

"ஆர் செத்தது, தம்பி?"

கடைசிச் சண்டையோடு மகனைக் காணவில்லை என்றுதான் அவர் சொல்லியிருக்கிறார். வந்தால் அவனுக்குக் காணி வேண்டும் என்பதற்காகத்தான் அந்தப் பெயர். கடிதம் உருக்கமாக இருக்கட்டும் என்று மிசின் அவனைச் சாகடித்துவிட்டது...

பிழை மிசினுடையது என்று நான் சொன்னேன். தவராசா ஒப்புக்கொள்ளவில்லை.

"மிசினுக்கு என்ன தெரியும் ரீச்சர்? அவவைக் கேக்காமல் விட்டது நாங்கள் ரெண்டு பேரும்."

அதன்பிறகு ஒரு கடிதமும் நேரே அச்சுக்குப் போகவில்லை. ஆங்கிலத்தைத் திரும்பவும் தமிழாக்கி, ஆளைக் கதிரையில் இருத்தி, வரி வரியாக வாசிப்பார். ஒவ்வொரு வரிக்கும், சரியென்றால், அவர்கள் ஓம் சொல்ல வேண்டும். கேட்காமலே ஓம் போட்டால் முதலிலிருந்து தொடங்குவார். வரிசையில் நின்றவர்கள் திட்டுவார்கள்.

ஓமந்தையிலிருந்து வந்த ஒருவர் நாலாம் வரியில் எழும்பிவிட்டார். தனக்குத் தம்பியே இல்லையாம். மிசின் ஒருவரைச் சேர்த்திருந்தது. என்னிடம் வந்திருந்தால் நான் அந்தத் தம்பியின் கொமாவைத்தான் பார்த்திருப்பேன்.

யோகம்மாவின் இரண்டாவது கடிதம் அப்படித்தான் போனது. மகன் இறந்ததாகத் தான் ஒருபோதும் சொல்லவில்லை என்ற வரிக்கு அவர் இரண்டு தரம் ஓம் சொன்னார். பதில் இன்னும் இல்லை. முதற்கடிதமும் கொழும்பில் அதே கோப்பில்தான் கிடக்கிறது, என் கொமா வெட்டலோடு.

இன்று செத்தவீட்டில் யோகம்மாவைக் கண்டேன். கடிதப் பைலை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். நான் பக்கத்தில் போய் இருந்தேன்.

போய்வாரும் தவராசா. பதில் வந்தால் யோகம்மாவுக்கு நான் வாசிக்கிறேன். தமிழில்... வரி வரியாக. அவர் ஓம் சொல்லாமல் அடுத்த வரிக்குப் போகமாட்டேன்.